கோலி ஓடும் தரை

போடிநாயக்கனூர்
ஜூன் 9

அன்புள்ள பவதாரணிக்கு,

உன் மதினி தமிழ்செல்வி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் முழங்கால் வலி. வயசாகிவிட்டது என்று நான் சொல்லிவிடுவேனாம், அதனால் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் மகள் தமிழினிக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? உன் வீட்டுக்காரர் அன்புச்செல்வன் தம்பிக்கு ராத்திரி இருமல் குறைந்ததா?

எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக நான் ஒருத்திதான் இங்கே நர்சரி நடத்திக்கொண்டு, வீட்டில் எல்லோரிடமும் கேலி வாங்கிக்கொண்டிருந்தேன். இனி அதில் உனக்கும் பங்கு. சீனிச்சாமி அண்ணன் ஜீப்பில் ஒரு பெட்டி ஏற்றியிருக்கிறேன். மரக்கட்டை, துணிப் பொம்மை, செப்புச் சாமான், வாய்க்குள் போகாத பெரிய கோலிக்குண்டு ஒரு டப்பா.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். "வெளையாடவா அனுப்புனோம்? ஒரு எழுத்தாச்சும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று அம்மாமார் வருவார்கள். மசிந்துவிடாதே. கட்டையை அடுக்குகிற பிள்ளை எது நிற்கும், எது சாயும் என்று தானாகவே கண்டுபிடிக்கும். செப்பு வைத்துச் சமைக்கிற பிள்ளைக்குப் பேச்சு ஊறும், பங்கு போடத் தெரியும். நீ வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார். பிள்ளைகள் எதை விளையாடுகிறார்களோ அதுதான் அவர்கள் மனசில் இருப்பது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் மதினி,
தமிழ்செல்வி


குருவிப்பாறை எஸ்டேட்
ஜூன் 27

அன்புள்ள மதினிக்கு,

பவதாரணி எழுதுவது. நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது, குறட்டை நிற்கவில்லை. அண்ணன் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுங்கள், செருப்புக்கு அல்ல.

பெட்டி பத்திரமாக வந்தது. வளைவுக்கு வளைவு அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினாராம் சீனிச்சாமி அண்ணன், அவர் சொல்வதை நம்பினால். போனில் பேசாமல் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இங்கே சிக்னல் கிடைப்பது மேல் வளைவில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் இடம் முன்பு ஏலக்காய் காயவைத்த பழைய ஸ்டோர். தகரக் கூரை, சிமென்ட் தரை. தொழிலாளிகளின் லயத்து வீடுகள் மேலே வரிசையாக இருக்கின்றன, நாங்கள் அதற்குக் கீழே சரிவில். பதினோரு பிள்ளைகள். அம்மாமார் காலையில் விட்டுவிட்டு ஏலக்காட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருகிறார்கள்.

பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்க வேண்டுமே. ஜக்கம்மாள் அக்கா மகன் கார்த்திதான் கங்காணி. நாலு வயசு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னாத்தா பேச்சு? கையி ஓடட்டும்!" என்று ஒரு அதட்டு. மற்றவர்கள் குனிந்து காய் எடுக்கிறார்கள். தமிழினி எடை போடுகிறாள். எல்லோருக்கும் குறைத்துத்தான் போடுகிறாள், யாரைப் பார்த்துப் படித்தாளோ!

இன்னொரு வேடிக்கை. கோலியைத் தரையில் வைத்தால் போதும், தள்ள வேண்டாம். கொஞ்சம் யோசிக்கும், பிறகு தானாக ஜன்னல் மூலைக்கு ஓடும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். என்னையும் பேச விடுவதில்லை.

அண்ணனுக்கு என் வணக்கம்.

பவதாரணி


போடிநாயக்கனூர்
ஜூலை 8

அன்புள்ள பவாவுக்கு,

இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது, மற்றபடி சுகம். அங்கே மழை பிடித்துவிட்டதா? தமிழினிக்குக் காதை மூடிக் கட்டிவிடு.

கோலி சமாச்சாரத்தைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். உன் அண்ணன், லாட்டரி விழுந்ததா என்று கேட்டார். அடியே, காசு கொடுத்தாலும் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் கிடைக்குமா? பழைய கட்டடத்துத் தரை அப்படித்தான் இருக்கும். கொத்தனாரைத் திட்டாதே, பிள்ளைகளுக்கு இலவசமாகச் சறுக்கு கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார். மரக்கட்டையை வைத்துப் பார். வைக்கிறதுக்கு முன்னால், "இது ஓடுமா, ஓடாதா?" என்று கேள். தப்பாகச் சொன்னால் திருத்தாதே, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒன்று விடாமல் எழுது. என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், "ஓடுற தரை எங்க இருக்கு?" என்று என்னைப் பிய்த்து எடுக்கிறார்கள்.

தம்பியை விசாரித்ததாகச் சொல்.

தமிழ்செல்வி


குருவிப்பாறை
ஆகஸ்ட் 11

அன்புள்ள மதினிக்கு,

சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். மழையில் ஜீப் ஒழுங்காக வரவில்லை, அதனால்தான் பதில் தாமதம்.

எலுமிச்சம்பழம் ஓடியது. கட்டை ஓடவில்லை. தமிழினி கட்டையின் அடியில் கோலி வைத்து ஓட்டிவிட்டாள், அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோலி இப்போது யோசிப்பதில்லை. வைத்த உடனே போய்விடுகிறது. "கோலிக்கு அவசரம் டீச்சர், வெரசா போவுது" என்கிறான் கார்த்தி.

எங்களுக்குக் கீழே சரிவை ஜேசிபி வைத்து வெட்டுகிறார்கள். லோடு ஜீப் நேராகப் புது ஸ்டோருக்கு வர வழியாம். நாள் முழுக்கச் சத்தம், பிள்ளைகள் பகலில் தூங்குவதில்லை. கதவும் சாத்த மாட்டேன் என்கிறது. தமிழினி அப்பா அடியில் சீவிவிட்டார். மழையில் மரம் ஊதியிருக்கும் என்கிறார்.

ஒரு பெரிய பாய் வாங்கி அனுப்புங்கள் மதினி. கனமான கோரைப்பாயாக இருக்கட்டும். தரை சில்லிடுகிறது.

பவதாரணி


போடிநாயக்கனூர்
ஆகஸ்ட் 20

அன்புள்ள பவாவுக்கு,

நாங்கள் நலமே. உன் அண்ணன் ஒரு வழியாகத் தைலத்துக்குச் சம்மதித்துவிட்டார்.

பாய் அனுப்பியிருக்கிறேன். கல்யாண வீட்டில் பத்துப் பேர் படுக்கிற பாய். ஆனால் பாயை விரித்துவிட்டால் கோலி எங்கே ஓடும்? ஒரு ஓரமாகத் தரையை விட்டு வை.

உன் போன கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு கேலி இல்லை, கிண்டல் இல்லை. நீ இப்படி எழுதுகிறவள் கிடையாதே. தம்பியோடு ஏதாவது சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது. உன் அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

தமிழ்செல்வி


குருவிப்பாறை
செப்டம்பர் 5

மதினிக்கு,

பாய் கிடைத்தது. சரியான அளவு.

தமிழினியை சீனிச்சாமி அண்ணனோடு அனுப்புகிறேன். மழை முடிகிற வரைக்கும் உங்களிடமே இருக்கட்டும். தயிர் கொடுக்க வேண்டாம். ராத்திரி பயந்தால் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. எல்லோரும் சுகம்.

பவதாரணி


போடிநாயக்கனூர்
செப்டம்பர் 16

பவா,

தமிழினி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் எழுதுவது வேறு.

நேற்று நர்சரியில் அவள் கோலி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடவில்லை. வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் ஓடவில்லை. அழுதுவிட்டாள். "அத்தை, இந்தத் தரை செத்துப்போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு பொம்மை வைத்திருக்கும் மூலைக்குப் போனாள். ஒரு துண்டை விரித்து நாலு ஓரத்திலும் கட்டை வைத்து அமுக்கினாள். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, துண்டைச் சுற்றி நடக்கவைத்தாள். ஒரு பொம்மை துண்டை மிதித்ததற்கு முதுகில் அடி. ஏன் ஆத்தா என்று கேட்டேன். "கீழ வாயி இருக்கு அத்தை. கோலியெல்லாம் முழுங்கிருச்சு. அம்மா பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க. மாமாட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

பவா, பிள்ளை விளையாட்டைப் பார், பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். நீ கோலி ஓடுகிறது என்றாய், எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார் என்றேன். கதவு சாத்தவில்லை என்றாய், பாய் அனுப்பினேன்.

தரை எவ்வளவு தூரம் பிளந்திருக்கிறது? அதற்குள் ஏன் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறாய்? உன் பிள்ளையை மட்டும் கீழே அனுப்பிவிட்டாயே, மற்ற பத்துப் பேரும் பிள்ளைகள் இல்லையா? கோபத்தில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி. பதில் வேண்டும்.

தமிழ்செல்வி


குருவிப்பாறை
செப்டம்பர் 29

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். இரண்டு வாரமாக எழுத உட்கார்ந்து, எழுந்து போனேன்.

ஜன்னல் மூலையிலிருந்து வாசல் பக்கமாக ஒரு விரிசல். முதலில் நூல் மாதிரி இருந்தது. இப்போது என் கை உள்ளே போகிறது. மேனேஜரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "பயமா இருந்தா பூட்டிரலாம்மா. எனக்கொண்ணும் இல்ல" என்றார்.

பூட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மதினி. போன வருஷம் ஆள் இல்லை என்று இந்த இடத்தைக் கொஞ்ச நாள் பூட்டிவைத்தார்கள். அம்மாமார் பிள்ளைகளைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜக்கம்மாள் அக்கா, கார்த்தியைச் செடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுக் காய் எடுத்திருக்கிறாள். மேல் பாத்தியில் மருந்தடித்திருக்கிறார்கள், காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. வாயில் நுரையோடு ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். பிழைத்தது அவன் ஆயுசு. இப்போதும் மருந்து வாடை வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறான்.

காட்டில் மருந்து, இங்கே விரிசல். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? பாயைப் போட்டு மூடினேன். பிள்ளைகளை வாசல் பக்கமே விளையாட வைத்தேன்.

தமிழினியை அனுப்பினது தப்புத்தான். ஜக்கம்மாள் அக்கா நேற்று கேட்டுவிட்டாள். "ஒம் பிள்ளைய மட்டும் ஏன் பவா கீழ அனுப்புன?" சளி என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். அண்ணன் வந்து சத்தம் போட்டால் மறுநாளே பூட்டு விழும்.

பவதாரணி


போடிநாயக்கனூர்
அக்டோபர் 2

அன்புள்ள பவாவுக்கு,

போன கடிதத்தில் கொட்டிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் இடத்தில் இருந்தால் நானும் பாயைத்தான் தேடியிருப்பேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

பூட்டவும் முடியாது, இருக்கவும் முடியாது என்றால், ஓடப் பழக்கிவை. பயமுறுத்தி இல்லை. பயந்த பிள்ளை ஓடாது, உன் காலைக் கட்டிக்கொள்ளும். விளையாட்டாகப் பழக்கு.

தமிழினிக்கு இங்கே தினமும் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்க்க வேண்டும். அதிலிருந்து தோன்றியது. ஒரு பழைய சேலையில் முடிச்சு முடிச்சாகப் போடு. ஆளுக்கு ஒரு முடிச்சு. அதுதான் போடி ரயில். நீ தட்டை அடித்தால் ரயில் கிளம்பும். சரிவில் சேராத, கெட்டியான பாறை பக்கத்தில் இருக்கும் அல்லவா, அதுதான் ஸ்டேஷன். கார்த்தி இன்ஜின். நீ கடைசியில் கார்டு. ஒரே ஒரு சட்டம்: கிளம்பின ரயில் பின்னால் போகாது. பொம்மையை விட்டாலும், செருப்பை விட்டாலும் திரும்பக் கூடாது. தினமும் விளையாடு. சாப்பிடும்போது அடி, தூங்கும்போது அடி.

தமிழினிக்குப் பல் ஒன்று ஆடுகிறது. உனக்குக் காட்ட வேண்டுமாம், பிடுங்க விட மாட்டேன் என்கிறாள்.

தமிழ்செல்வி


குருவிப்பாறை
அக்டோபர் 24

அன்புள்ள மதினிக்கு,

எல்லாப் பிள்ளைகளும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ரயில் இங்கே பெரிய திருவிழா ஆகிவிட்டது. முதல் நாள் மூன்று பெட்டி கவிழ்ந்தது. நாலாம் நாள், தட்டை எடுத்தாலே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலாமரத்துப் பாறைதான் ஸ்டேஷன்.

முந்தாநாள் விடாத மழை. பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி மேல் இருந்த கோலி டப்பா நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. யாரும் தொடவில்லை. கொட்டின கோலி எல்லாம் பாய்க்கு அடியில் விரிசலுக்குள் போயின, ஒன்றுகூட அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கவில்லை. தட்டை எடுத்து அடித்தேன்.

கார்த்தி வாசலில் நின்று அந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அதுதான் உயிர். அவனாகவே, "ரயிலு பின்னால போகாது" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடினான். பாறையில் ஏறி நான் முடிச்சை எண்ணி முடிக்கவில்லை, ஜன்னல் பக்கத்துச் சுவர் உட்கார்ந்தது. பிறகு கூரை. பிறகு எல்லாம் கீழே வெட்டின வழிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள் மதினி. "இன்னொருக்கா டீச்சர்!" என்றார்கள்.

அம்மாமார் ஓடி வந்தார்கள். ஜக்கம்மாள் அக்கா என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள், அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டுக்கும் எனக்குத் தகுதி உண்டு.

ஆள் சேதம் இல்லை, கடவுள் புண்ணியம் என்றார் மேனேஜர். லயத்தில் கடைசி வீடு காலியாக இருக்கிறது, அங்கே வைத்துக்கொள் என்று சாவி கொடுத்தார். இன்ஜினியர் வந்து பார்ப்பாராம். இனி அண்ணனிடம் சொல்லலாம்.

பல்லைப் பிடுங்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பவதாரணி


குருவிப்பாறை
நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. சீனிச்சாமி அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார்.

கார்த்தியின் டவுசர் பையில் ஒரு கோலி மிஞ்சியிருந்தது. புது இடத்தில் அதைத் தரையில் வைத்தான். கொஞ்சம் யோசித்தது. பிறகு ஜன்னல் மூலைக்கு ஓடியது.

இந்தத் தடவை நான் பாயைத் தேடவில்லை. இன்று எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகளை ரயிலாகப் பிடித்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் கார்த்தி கோலியை வைத்தான். அம்மாமாரைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தேன். எல்லா வீட்டிலும் ஓடியது. எல்லா வீட்டிலும் ஒரே பக்கம், கீழ்ப்பக்கம். ஜக்கம்மாள் அக்கா வீட்டில் அது யோசிக்கவே இல்லை.

அக்கா அடுப்பங்கரையில் கிடந்த சாக்கை எடுத்துக் காட்டினாள். அடியில் விரிசல். "ஆடி மாசத்துல இருந்தே இருக்கு பவா. சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க, புள்ளையத் தூக்கிட்டு எங்க போறதுன்னு மூடி வச்சிருந்தேன்" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகச் சாக்கை, பாயை, கட்டிலை நகர்த்திக் காட்டினார்கள். யாருக்கும் தெரியாமல் இல்லை மதினி. எல்லோரும் மூடித்தான் வைத்திருந்தோம்.

உருள்பொட்டல் வரும், மலையே சரிந்து இறங்கும் என்று மலையாளத்து ஆட்கள் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கேட்டதற்கு, இன்ஜினியர் நாளை வருவார், அதுவரை சோலியைப் பாருங்கள் என்கிறார் மேனேஜர். நாங்கள் அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை, விடிந்ததும் கிளம்புகிறோம். ஜீப் ஒன்றுதான், அதிலும் ஏலக்காய் மூட்டை ஏற்றியாகிவிட்டது. காலையில் சீனிச்சாமி அண்ணன் காலி வண்டியோடு வருவார். குழந்தைகளும் வயசானவர்களும் அதில். மற்றவர்கள் போடிமெட்டு வரைக்கும் நடை. மழை வலுக்கிறது.

உங்கள் நர்சரியில் எத்தனை பேர் படுக்கலாம்?

பவதாரணி


போடிநாயக்கனூர்
நவம்பர் 3

அன்புள்ள பவாவுக்கு,

எத்தனை பேர் வந்தாலும் படுக்கலாம். ஓடிவாருங்கள்.

சீனிச்சாமி அண்ணன் விடியுமுன்னே கிளம்பினார், உன் அண்ணனும் கூடவே போனார். மேலே வளைவில் ரோடு இல்லையாம். வண்டியை மறித்துத் திருப்பிவிட்டார்கள். சீனிச்சாமி அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். "உன் வீட்டுக்காரரு கேக்கலம்மா, எறங்கி நடக்க ஆரம்பிச்சிட்டாரு" என்றார். முழங்கால் வலிக்கிற மனுஷன். உன் நம்பருக்கும் தம்பி நம்பருக்கும் மாறி மாறி அடிக்கிறேன். மணியே போகவில்லை.

மத்தியானம் இன்னொரு வழியாகப் போய்ப் பார்க்கிறேன் என்கிறார் சீனிச்சாமி அண்ணன். அவர் கையில் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதாமல் சும்மா இருக்க முடியவில்லை.

பெஞ்சையெல்லாம் ஓரம் கட்டிவிட்டோம். பிள்ளைகளின் அம்மாமார் போர்வை கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். பெரிய சட்டியில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. தமிழினி என் சேலை ஒன்றில் முடிச்சுப் போட்டு வாசலில் நீளமாக விரித்துவைத்திருக்கிறாள். இதுதான் ஸ்டேஷனாம். "ரயிலு எப்ப வரும் அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பல் காலையில் தானாக விழுந்துவிட்டது, உனக்கென்று மடித்துவைத்திருக்கிறாள்.

வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு கோலியையும் வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் நான் அதைத்தான் பார்க்கிறேன். வைத்த இடத்திலேயே இருக்கிறது. இங்கே தரை செத்துப்போய்த்தான் கிடக்கிறது, பவா. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெரசா வா.

தமிழ்செல்வி